மூன்று சிறு விசில்

ஒரு கண்டக்டரோடு பஸ்ஸில் போவதற்காக ஒரு டிப்போவையே சீர்திருத்தக் கிளம்பியவள் நான். இத்தனை வருஷமாக இதைப் பயணிகள் நலன், பணித்திறன் என்றெல்லாம் சொல்லிச் சமாளித்துவந்தேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எண்பதுகளின் நடுவில் தர்மபுரியில் ஒரு பஸ் டிப்போவில் டைப்பிஸ்டாக இருந்தேன். என் மேஜை ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே டிப்போ கேட். தினமும் ஒன்பதரைக்கு டீசல் போட்டுக்கொண்டு பென்னாகரம் வண்டி அந்த வழியாக வெளியே போகும். பின்படியில் கண்டக்டர் மாதேஷ் நிற்பார். அந்த நேரத்துக்கு என் தலை தானாக நிமிரும். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது மொத்தம் ஒரே வாக்கியம்: "லீவு லெட்டருங்க மேடம்." அந்த லெட்டரை ஃபைலில் போடுவதற்குள் நாலு தடவை படித்தேன். (காய்ச்சல் என்று எழுதியிருந்தார். அதற்காக நான் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியது தனிக் கதை.) இரண்டாவது வாக்கியம் ஒன்று பேசமாட்டாரா என்பதுதான் அன்றைக்கு என் ஒரே ஏக்கம்.

அப்போதுதான் இண்டூரில் அந்தச் சம்பவம் நடந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். ஒன்றை இரண்டாக எண்ணிக்கொண்டு டிரைவர் வண்டியை எடுக்க, ஒரு அம்மாள் கீழே நிற்க, அவருடைய தக்காளிக் கூடை மட்டும் பென்னாகரம் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் கொதித்தார். "டிரைவரும் கண்டக்டரும் ஒரே வண்டியிலதான் போறாங்களா? விசிலுக்கெல்லாம் ஒழுங்கா ஒரு சர்க்குலர் அடிம்மா."

"உட்கார்ந்த இடத்துல எழுதினா சரியா வராது சார். அவங்க கூடவே போய், பார்த்து, கேட்டு, அப்புறம்தான் எழுதணும்" என்றேன். ஏதோ வார இதழில் படித்தது. மேனேஜர் அசந்துபோய் மூன்று வாரம் அனுமதி கொடுத்தார். அதில் பென்னாகரம் வண்டிக்கு மட்டும் நான் ஒதுக்கிக்கொண்டது ஆறு நாள். (ஆய்வுக்குத் தேவைப்பட்டது.)

மாதேஷ் எனக்கு முன் சீட்டைக் காட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டார். நான் நோட்டோடு துரத்தினேன்.

"ரெண்டு விசில் எப்ப அடிப்பீங்க?"

"கெளம்பறப்பங்க."

"ஒண்ணு?"

"நிக்கறப்பங்க."

ஆறு நாளில் இவ்வளவுதான். பதில்கள் சரியாக இருந்தன. அதுதான் என் வருத்தம்.

டிரைவர் கோவிந்தசாமி அண்ணன்தான் வாய்விட்டுப் பேசினார். "ஏத்தத்துல இன்ஜின் கத்துதுங்க மேடம். ஒண்ணா ரெண்டான்னு எங்களுக்கு எங்க கேக்குது? நாங்க கண்ணாடியில கண்டக்டர் மூஞ்சியப் பாத்துத்தான் வண்டிய எடுக்கறோம்." அதை எழுதிக்கொண்டேன். ஒரு மூஞ்சியைப் பார்த்தே சேதி தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

மொத்தம் பதினேழு வகை விசில்களைக் கண்டுபிடித்தேன். பதினேழாவது, பென்னாகரம் வண்டி மட்டும் டிப்போ கேட்டில் அடிக்கும் மூன்று சிறு விசில். வாட்ச்மேனிடம் விசாரித்தேன். அவர் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத்தாங்க மேடம், கேட்டு தொறக்க" என்றார். அந்தக் கேட் துருப்பிடித்து, வருஷக்கணக்காகத் திறந்தேதான் கிடந்தது. ஆகவே 'தேவையற்றது, நீக்கலாம்' என்று எழுதினேன். பாவம், மாதேஷுக்குத் தினமும் மூன்று மூச்சு மிச்சம் என்று உள்ளூர மகிழ்ச்சி வேறு.

கூட்டம் டிப்போ ஷெட்டில் நடந்தது. நாற்பது பேர் காக்கியில் நிற்க, நான் ஸ்டூல்மேல் ஏறிப் படித்தேன். பதினாறு வரை தலையாட்டினார்கள். பதினேழு வந்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது. சிலர் பஸ் டயரை ஆராய்ந்தார்கள். நான் விடுவேனா? பயன்படுத்துகிறவரையே கேட்டுவிடுவதுதானே என் முறை.

"மாதேஷ், அந்த மூணு விசில் யாருக்குங்க?"

அவர் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. "யாருக்கும் இல்லீங்க மேடம். பழக்கங்க."

"அப்ப எடுத்துடலாமா?"

அவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு வேணாம்னா எடுத்துடுங்க" என்றார்.

நான் ஏங்கிக் கிடந்த வாக்கியம் அதுதான். நாற்பது பேர் பார்க்க, பதினேழாவது விசிலைச் சிவப்பு மையால் கோடு போட்டு அடித்தேன். மேனேஜர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு என் தலை நிமிரவில்லை. டைப் அடித்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்குத்தான் கடிகாரம் கண்ணில் பட்டது. வண்டி போய்விட்டிருந்தது. இரண்டு வருஷமாக என் தலை தானாக நிமிரவில்லை, நிமிர்த்தப்பட்டிருக்கிறது என்பது அப்போது புரிந்தது. பாதி அடித்த கடிதத்தின்மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். போய்ச் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்தே ஒரு மாதம் போயிற்று. அதற்குள் அவர் ஓசூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டார். அங்கே அவருக்குக் கல்யாணம் ஆன சேதியைக் கோவிந்தசாமி அண்ணன்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் மேஜை அருகிலேயே நின்றார்.

"டிரைவரக் கேட்டீங்க, கண்டக்டரக் கேட்டீங்க, வாட்ச்மேனக்கூடக் கேட்டீங்க மேடம். அந்த விசில் யாரு காதுல விழுதுன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சுப் பாத்தீங்களா?"

எனக்கும் கல்யாணம் ஆனது. கணவர் மொரப்பூரில் வாத்தியார், தங்கமான மனுஷன். நான் டிப்போவில் பதினேழாவது விசிலை ஒழித்த வீரத்தை அவரிடம் சொல்லியிருக்கிறேன், யாருடைய விசில் என்பதை மட்டும் விட்டுவிட்டு. அன்றிலிருந்து குக்கர் மூன்று விசில் அடித்ததும் கூடத்திலிருந்து அவர் குரல் வரும்: "ஸ்டெல்லா மேடம், மூணு ஆச்சு. தேவையற்றது, நீக்கலாமா?" பிள்ளைகளும் சேர்ந்து சிரிப்பார்கள். பேத்திவரைக்கும் இது வந்துவிட்டது.

நானும் சிரிப்பேன். ஆனால் மூன்றாவது விசிலுக்கு என் தலை ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். அடுப்பை அணைக்கக் கை போவதற்குள் நாலாவதும் வந்துவிடும். எங்கள் வீட்டில் சாதம் எப்போதும் குழைந்துதான் இருக்கும்.