கல்யாணத்துக்கு வந்த கரடி

கரடி மறுபடியும் வழுக்கியது.

கல்யாண விருந்தில் மாப்பிள்ளைத் தோழனாக நாற்காலியில் உட்கார்ந்து ரக்கியாச் சாராயம் குடிக்கவேண்டிய கரடி அது. பெல்கிராடிலேயே அதிகம் செலவழித்துச் செய்த கணினிக் கரடி. ஆனால் என்ன பிரயோஜனம்? காட்சி ஓட ஆரம்பித்ததுமே நாற்காலியை விட்டு நழுவி, பக்கத்தில் இருந்த பாதிரியார் மேல் போய்ச் சாய்ந்தது.

"லென்ஸ்தான் காரணம்" என்றார் ரதோமிர்.

படம் பிடித்தபோது கேமரா எப்படி நகர்ந்தது என்று கணினியில் கண்டுபிடித்து, இல்லாத கரடியை இருக்கிற தரையில் நிறுத்துவது அவர் வேலை. அந்தப் பிரிவுக்கே தலைவர். படப்பிடிப்புப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கமாட்டார். வெயில், தூசி, மட்டமான காபி. "எல்லாம் படத்துலயே இருக்கு. கணக்குத் தெரியாதவன்தான் நேர்ல போவான்" என்பார்.

"அனமார்பிக் லென்ஸ்மா இது" என்று உதவியாளர் யாஸ்னாவுக்குப் பாடம் எடுத்தார். "அகலமான காட்சியப் பக்கவாட்டுல நசுக்கிப் பிடிக்கும். நாம இழுத்து விரிக்கணும். ஓரத்துல நேர்கோடெல்லாம் வாழைப்பழமா வளையும். எவ்வளவு வளையுதுன்னு அளந்து நிமித்திட்டா, கரடி ஆணி அடிச்ச மாதிரி உக்காந்துரும்."

"சார், கேமரா நகர்வக் கண்டுபிடிக்க நீங்க வச்ச அடையாளப் புள்ளிகள்ல பாதி, ஜன்னல் வழியாத் தெரியுற கட்டடங்கள் மேல இருக்கு. அதையெல்லாம் எடுத்துட்டு, அறைக்குள்ள இருக்கறத மட்டும் வச்சுப் பாத்தா..."

"கட்டடத்தையா எடுக்கச் சொல்ற? ஏம்மா, இந்த நாட்டுல வச்ச இடத்துல அசையாம நிக்கிறது அது ஒண்ணுதான்!"

யாஸ்னா தன் கணினிப் பக்கம் திரும்பினாள்.

தயாரிப்பாளர் தேசாங்கா கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டினாள். "சாயங்காலம் டைரக்டர் வர்றார். அதுக்குள்ள கரடி ஒழுங்கா உக்காரலன்னா, வேலைய பக்கத்து நாட்டு ஸாக்ரெப்காரங்ககிட்ட குடுத்துருவேன். அப்புறம் நீங்க வீட்ல உக்காந்துக்கலாம்."

ரதோமிர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை போவது ஒரு பக்கம். அது ஸாக்ரெப்காரர்களுக்குப் போவதை எந்த முகத்தோடு வெளியே சொல்வது?

கேமரா உதவியாளன் ஸ்ரெட்டன், லென்ஸை அதன் பெட்டியோடு கொண்டுவந்தான். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"ஷூட்டிங் முழுக்க ஒரே தலசுத்தல் சார். ஃபோகஸ் பண்ணவே முடியல."

"ரக்கியாவக் குறைச்சுக்கோ."

"நான் குடிக்கிறதே இல்ல சார்."

"அப்ப அதான் காரணம். கொஞ்சம் ஆரம்பி."

லென்ஸின் வளைவை அளக்க, சதுரங்கக் கட்டம் போட்ட பெரிய தாளை அச்சடித்து, சுவரில் ஒட்டிப் படம் எடுத்தார்கள். அந்தச் சுவருக்குத் தொப்பை இருந்தது. சுவரின் தொப்பையெல்லாம் லென்ஸின் கணக்கில் ஏறி, கரடி இடுப்புவரை மேசைக்குள் புதைந்தது.

"தட்டையா ஒண்ணு வேணும்" என்று சொல்லி, ரதோமிர் தேசாங்காவின் மேசைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, அதில் தாளை ஒட்டி நிறுத்தினார். அது தட்டைதான். பளபளப்பும்தான். அதில் தெரிந்த ரதோமிரின் வழுக்கைத் தலையையும் கணினி ஒரு கட்டமாகச் சேர்த்து எண்ணிவிட்டது. கரடி உத்தரத்தில் தொங்கியது.

"சார், சரவிளக்குக்குப் பதிலா இதையே மாட்டிரலாம்போல" என்றாள் யாஸ்னா.

"சிரிக்காத. விளக்கு ஏற்கெனவே ஊஞ்சலாடுது பாரு. எவனோ பாண்டுக்காரன் குடிச்சிட்டு இடிச்சிருக்கான். என்ன ஷூட்டிங் நடத்துறாங்களோ!"

கடைசியில் தாளை மரப்பலகையில் ஒட்டி, நடைபாதை முழுவதையும் மறித்தார். லென்ஸைக் கிட்டத்தில் வைத்து, எட்டத்தில் வைத்து, அதற்கும் எட்டத்தில் வைத்து எடுத்தார். கணக்குப் பிரிவு ஆட்கள் கழிப்பறைக்குப் போக வழியில்லாமல் கத்தினார்கள். போகட்டும், இந்த முறை கோடுகள் கம்பி மாதிரி நிமிர்ந்தன. ஒரு மயிரிழைகூடப் பிசகில்லை.

ரதோமிர் கையைத் தேய்த்துக்கொண்டு காட்சியை ஓட்டினார்.

கரடி நாற்காலியிலிருந்து கம்பீரமாகக் கிளம்பி, பாதிரியாரைக் கடந்து, மணப்பெண்ணின் மடியில் போய் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து தேசாங்கா உள்ளே வந்தாள். "டைரக்டர் கீழ கார் நிறுத்துறார். என்ன இது? கரடி கட்டிக்கப் போகுதா அவள?"

ரதோமிருக்குப் பழி போட ஆள் ஒருவன் தேவைப்பட்டான். லென்ஸைத் திருப்பி எடுத்துப்போக வாசலில் காத்திருந்தான் ஸ்ரெட்டன். ரதோமிர் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"இவன் லென்ஸக் கீழ போட்டிருக்கான் மேடம்! தலசுத்துதுன்னு இவனே சொன்னான், கேளுங்க. நான் இத்தன வருஷமா இந்த வேலை பாக்குறேன். என் கணக்கு தப்பாது. இவனத் துரத்துங்க, கரடி தானா உக்காரும்!"

"அப்படியா ஸ்ரெட்டன்?" தேசாங்காவின் குரல் இறுகியது. "கீழ போட்டியா?"

ஸ்ரெட்டன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் பெரிய திரையில் காட்சி மறுபடி ஓட ஆரம்பித்தது. விளக்கு இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது. அவன் முகம் பச்சையாக மாறியது. பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஐயோ மேடம், முதல்ல இத நிறுத்துங்க, பாத்தாலே குமட்டுது. அடுத்த கல்யாணத்தையாவது கரையில வைங்க! ஆத்துல மிதக்குற ஹோட்டல்ல எவன் மேடம் கேமராவ வைப்பான்? ஒரு படகு போனாப் போதும், எதிர்க்கரைக் கட்டடம் பூரா ஜன்னல்ல ஏறி எறங்குது!"