காப்பியடித்த கிருமிகள்

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருந்தால் மாடி அறையில் இருக்கும் பழைய சாமான்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கவும். சில நாள் அங்கே வந்து இருக்கலாம் என்று பார்க்கிறேன். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். எனக்கே பாதிதான் புரிந்திருக்கிறது, மீதியை நீங்கள் நிதானமாகப் படித்துப் புரிந்துகொண்டால் எனக்கும் சொல்லவும்.

என் மகள், அதாவது உங்கள் மருமகள், ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன வேலை பார்க்கிறாள் என்று அக்கா போன தடவை கேட்டாள், நான் இருமிச் சமாளித்தேன். இப்போது சொல்கிறேன். கிருமி இருக்கிறதல்லவா, அதற்கும் ஒரு தோல் உண்டாம், அந்தத் தோலில் வாசல்கள் உண்டாம், ஒவ்வொரு வாசலிலும் புரதத்தால் ஆன ஒரு காவல்காரன் நிற்கிறானாம். ஒருவன் சர்க்கரையை உள்ளே விடுவான், இன்னொருவன் நாம் முழுங்கிய மருந்தைப் பிடித்து வெளியே தள்ளுவான். இவளிடம் ஒரு புது ஆளைக் கொடுத்து, இவனுக்கு என்ன வேலை என்று கண்டுபிடி என்றிருக்கிறார்கள். ஆளை நேரில் பார்க்க முடியாது. அவன் உடம்பு முழுக்க எழுத்துகளாக ஒரு நீள வரிசை, அவ்வளவுதான். அதை, வேலை தெரிந்த மற்றவர்களின் வரிசையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நிறைய ஒத்துப்போனால் ஒரே குடும்பம், வேலையும் அநேகமாக அதேதான் என்கிறாள். "என் மூக்கும் எங்க அண்ணன் மூக்கும் ஒண்ணுதாம்மா, அவர் லாரி ஓட்டறாரு, நான் பரீட்சை ஹாலைச் சுத்தினேன்" என்றேன். "அதனாலதான்ப்பா அநேகமான்னு சொன்னேன்" என்றாள். அதோடு எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

நாளைக் காலை பேராசிரியை முன்னால் அவள் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேலையை நீட்டிக்க மாட்டார்களாம். இந்த நேரம் பார்த்து, இன்று காலை வெளியே கிளம்பும்போது, "அப்பா, புது ஆளோட ஒப்பிடற இந்த லிஸ்ட்ல அச்சு அசலா ஒரே வரி ரெண்டு தடவை வந்திருந்தா ஒண்ணை மட்டும் அழிச்சிடுங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். நான் தொட்டிருக்க வேண்டாம் அத்தான். ஆனால் பாருங்கள், வாழ்க்கை முழுக்கப் பரீட்சை ஹாலில் காப்பி பிடித்த கண் இது. சரியான விடை ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி இருக்கலாம், ஒரே இடத்தில் ஒரே மாதிரி வினோதம் இருக்கக் கூடாது. இங்கே என்னடாவென்றால் புது ஆளின் வரிசை நடுவில் ஒரு கோணல், அதே கோணல் கீழே இருப்பவனிடம், அவனுக்குக் கீழே இருப்பவனிடம், ஒரு பெஞ்சு முழுக்க அப்படியே. அங்கங்கே ஒன்றிரண்டு எழுத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள், என்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம். புது ஆளை மட்டும் விட்டுவிட்டு அந்தப் பெஞ்சையே தூக்கி வெளியே போட்டுவிட்டேன். எதிலும் ஒட்டாமல் தன் போக்கில் எழுதியிருந்த நாலைந்து பேரை மட்டும் யோக்கியர்கள் என்று விட்டுவைத்தேன்.

சாயங்காலம் வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள், பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "என்னம்மா" என்றேன், ஒரு முறைப்பு. தட்டை வைத்தால் தள்ளிவிடுகிறாள். என் வீட்டுக்காரி, அதான் உங்கள் தங்கச்சி, என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய், "அவகிட்ட இப்ப எதுவும் பேச்சுக் கொடுக்காதீங்க, நீங்க பண்றது போதும்" என்றாள். ஆக எல்லாம் தெரிந்துவிட்டது. நான்தான் என்று ஒத்துக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன், போய் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். என் பொண்ணு வேலையை நானே கெடுத்துவிட்டேன். அவள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், பேசாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் மாடி அறை கேட்டேன். மெத்தை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எதை அழிப்பதாக இருந்தாலும் யாரையாவது கேட்டுவிட்டு அழிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறைக்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மகள் வந்து கடிதத்தை எடுத்து நின்றவாக்கில் படித்துவிட்டாள். அவளுக்கு எதுவுமே தெரியாதாம். பேசாததற்குக் காரணம் கடைவாய்ப்பல். டாக்டர் பிடுங்கிவிட்டு வாயில் பஞ்சை வைத்து, வாயைத் திறக்காதே என்று அனுப்பியிருக்கிறார். "காலையிலயே சொன்னேனே, நீங்க எங்க காதுல வாங்கினீங்க, காப்பி பிடிச்சிட்டு இருந்தீங்க" என்கிறாள் உங்கள் தங்கச்சி. அழுதது, இத்தனை தேடியும் புது ஆளுக்கு நெருங்கின சொந்தம் ஒருத்தன்கூட இல்லையே, நாளைக்கு என்ன சொல்வது என்று. படித்து முடித்ததும் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு, "அப்பா, அவங்க காப்பி அடிக்கலப்பா, அதுதான்ப்பா குடும்பம்" என்றாள். உடனே நான் அழித்ததையெல்லாம் மீட்டு, மறுபடியும் தேடினாள். நான் தூக்கிப் போட்ட பெஞ்சு அப்படியே திரும்பி வந்தது, அத்தனை பேரும் மருந்தை வெளியே தள்ளுகிறவர்கள். நாளைக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது. ஆகையால் நான் அங்கே வரவேண்டிய அவசியமில்லை என்று எழுதப் போனேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "சில நாள் போதாது, மாடி ரூமை ஒரு மாசத்துக்கு ஒழிச்சு வைக்கச் சொல்லுங்க மாமாவை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். வாயில் பஞ்சு இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.