துரைராசு மடக்குக் கத்தி கொண்ட படலம்

வாழிய துரைராசு! வெண்ணாறு மூன்றாய்ப் பிரிந்து நெல்லூட்டும் நீடாமங்கலத்து நாயகனே, மூன்று மா நிலமும் முப்பது வாழையும் உடையோனே, ரயில்வே கேட் அடைத்த வேளையெல்லாம் அண்டை வண்டியின் டயரை அழுத்திப் பார்த்துத் தரம் கூறும் தகைமையோனே, நின் புகழ் பாடப் புகுகின்றோம்! கலைமகளே, வெற்றிலையைக் கன்னத்தோரம் ஒதுக்கிவிட்டோம். எம் நாவில் வந்து அமர்க. கதை சிறியதுதான், சீக்கிரம் முடித்துவிடுவோம்.

இவ்வீரனின் பகை மலிவு விலை மடக்குக் கத்தி. அவன் வாங்கிய முதற்கத்தியின் அலகு கோயில் யானையின் காதுபோல் இருபுறமும் ஆடிற்று. இரண்டாம் கத்தியின் ஆணி கழன்று கோரையாற்றோடு போயிற்று. மூன்றாவதோ, வாழையிலை அறுக்கையில் தானே மடங்கி, தன்னை விலைகொடுத்து வாங்கிய கட்டைவிரலையே கடித்தது. விரற்கட்டோடு வீடு புகுந்தவனை ஏற இறங்க நோக்கி, இல்லத்தரசி அகிலாண்டம் தீர்ப்பருளினாள்:

“ஏங்க, இன்னொரு தடவ இப்படி ஒரு கத்தி வந்துச்சுன்னா, இனிமே இந்த வீட்டுக்கு எதுன்னாலும் தம்பிதான் வாங்குவான்.”

தம்பியாவான் சதீஷ், பக்கத்துத் தெருவில் இருந்தபடி, கைபேசியில் விரல் தேய்த்தே வாளியும் வாருகோலும் வரவழைக்கும் மாயன். விளக்குமாறு முதல் வெண்டைவிதை வரை இருபது ஆண்டுகளாய்த் தட்டியும் முகர்ந்தும் தானே வாங்கிய உரிமை மைத்துனன் கைக்குப் போகுமெனில், ஒரு குடும்பத் தலைவன் எந்த முகத்தோடு கடைத்தெரு செல்வான்? துரைராசு மெய்யாகவே பயந்தான். ‘தானாக மடங்காத மடக்குக் கத்தியோடன்றித் திரும்பேன்’ என்று காப்பித் தம்ளரின்மேல் ஆணையிட்டு, கும்பகோணத்துக்குப் பேருந்து ஏறினான்.

பித்தளைப் பாத்திரங்கள் கண்ணைப் பறிக்கும் தெருவின் கோடியில் இருந்தது, ஷஹ்பாஸ் என்னும் வணிகர் கோமானின் இரும்புக் கடை. முந்நூறு ரூபாய்க்கு மேற்படாத ஒன்பது கத்திகள் களம் புகக் காத்திருந்தன. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பது நம் ஊர் நீதியன்றோ? ஆகவே ஷஹ்பாஸ் ஒவ்வொன்றையும் மடக்கியபடி கண்ணாடி மேசைமேல் வைப்பார். துரைராசு எடுத்து, விரித்து, ஆராய்ந்து, விரித்தபடியே மேசைமேல் வைப்பான். ஷஹ்பாஸ் அதை எடுத்து மடக்கிப் பெட்டியில் இடுவார். ஒன்பது முறையும் இம்முறை வழுவவில்லை. இதைச் சற்று நினைவில் முடிந்து வைத்துக்கொள்க.

மூண்டது போர். மடங்கிய கத்தியைக் கண்ணருகே உயர்த்தி, அலகு இரு பக்கத் தகடுகளுக்கும் நட்டநடுவே நிற்கிறதா என்று நோக்கினான். ஒருபக்கம் சாய்ந்திருந்து, விரிக்கையில் உரசிய மூன்று அப்போதே மாண்டன. விரித்து, அலகைப் பற்றி இடவலமாய் அசைத்தான். ‘கிடுக்’ என்ற இரண்டு ஒழிந்தன. பிடியின் இணைப்பில் நகத்தை நுழைத்தான். நுழைய இடம் தந்த ஒன்று வீழ்ந்தது. ‘ஜெர்மன் எஃகு’ என்று மார்தட்டிய இன்னொன்றின் எழுத்து, நகம் பட்டதும் உரிந்து வந்தது. எட்டாவது எல்லாவற்றிலும் தேறியது. எனினும் அடித்து இறுக்கிய ஆணி, நாளை ஆட்டம் கண்டால் முடுக்க வழியில்லை என்று அதையும் தள்ளினான். ஷஹ்பாஸ் தமக்கொரு டீ சொல்லி அனுப்பினார்.

எஞ்சியது ஒன்பதாவது. கரிய பிடி, திருகாணி மூன்று. விரித்தான், உள்ளிருந்து மெல்லிய தகடொன்று நகர்ந்து, அலகின் அடியில் ‘டக்’கெனப் பொருந்தியது. அசைத்தான், அசையவில்லை. அலகின் முதுகை மேசை விளிம்பில் தட்டினான், மடங்கவில்லை. பேருந்துச் சீட்டை அலகில் வைத்து இழுத்தான், இரண்டாயிற்று. இது தானாக மடங்கிவிடாதல்லவா என்று கேட்டான்.

“நீங்க மடக்குனாத்தாங்க மடங்கும்” என்றார் ஷஹ்பாஸ்.

அவ்வாக்கின் ஆழம் அறியாத அண்ணல், அதைப் புகழுரையாகவே கொண்டு பணத்தை நீட்டினான்.

அடைத்த ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றும் அவன் முகம் வாடவில்லை. வீட்டில் அகிலாண்டமும் சதீஷும் காண, கூடத்து நடுவே நின்று கத்தியை விரித்துத் தரையில் வைத்தான். அவள் எடுத்து ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. சதீஷ் கொல்லைக்குப் போய் வாழையிலை அறுத்து வந்தான். இலை சீராக அறுபட்டிருந்தது. வென்றான் துரைராசு! விண்ணோர் மலர்மாரி பொழிந்தனர். வேறு மலர் அகப்படாமையால் முருங்கைப்பூ நான்கு முற்றத்தில் விழுந்தன.

“நல்ல கத்திதாங்க. மடக்கி வைங்க” என்றாள் அகிலாண்டம்.

மடக்கினான். மடங்கவில்லை. அலகின் முதுகில் அழுத்தினான், முழங்காலில் ஊன்றினான், பல்லைக் கடித்தான். திருகாணி மூன்றும் அவனை இமையாது நோக்கின. எட்டுக் கத்திகளை மண்ணைக் கவ்வ வைத்த எம்பெருமான், தன் வாழ்நாளில் இவ்வகைக் கத்தி ஒன்றையும் மடக்கியதில்லை என்பது அக்கணமே அவனுக்கு உறைத்தது. போனில் பார்த்துச் சொல்லட்டுமா மாமா என்று சதீஷ் மிகவும் பணிவாகக் கேட்டான். அந்தப் பணிவுதான் தாங்கவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்து, மாட்சிமை குன்றாது கத்தியை மீண்டும் தரையில் வைத்து, வீரன் முழங்கினான்: “கத்தியைக் கைக்குக் கை தருதல் அறமன்று! எடுத்துக்கொள்க!”

அகிலாண்டம் எடுத்தாள். பிடியின் உட்புறம் ஒருமுறை பார்த்தாள். அந்த மெல்லிய தகட்டைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளி, மடக்கி, அலமாரியில் வைத்தாள். துரைராசு மூச்சைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புக்கு நின்றான்.

“இனிமேலும் நீங்களே வாங்குங்க. எப்படி மடக்குறதுன்னு மட்டும் கடையிலயே கேட்டுட்டு வாங்க.”

மறுநாள் மழை பெய்ததால் துரைராசு மடக்குக் குடை வாங்கப் போனான்.