கொழும்புத் தட்டும் பத்து நிலையங்களும்

கடலைப் பற்றி நான் செய்த ஒரே ஆராய்ச்சி, முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தபடி செய்யப்பட்டது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. என் மகள் வாயால் வெளியே வருவதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். (இருக்காது. ஆனாலும் சொல்கிறேன்.)

மகள் இப்போது படிப்பதற்குச் சுற்றுச்சூழல் அறிவியல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் சென்னையில் பி.எஸ்ஸி. படித்தபோது அதற்குத் தனிப்பெயர் கிடையாது. விலங்கியல் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. ஒரு பிராணியைப் புட்டியில் அடைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அது வாழ்ந்த தண்ணீர், வெளிச்சம், சேறு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த அத்தியாயத்தின் சாரம். எங்கள் புரொபசருக்கு அதில் தீராத பிரியம். இருபது வருஷமாகச் சமுத்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவர். கணுக்காலுக்கு மேல் அவர் கடலில் நனைந்ததாகச் சாட்சி எதுவும் கிடையாது.

முதல் வருஷ முடிவில் எங்களில் ஒருவனை மட்டும் ஆனர்ஸ் வகுப்புக்கு மாற்றுவதாக அவர் சொல்லியிருந்தார். போட்டியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: நானும், ஒரு மயிலாப்பூர்ப் பையனும். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நீர்நிலையின் தெளிவை அளந்து கட்டுரை எழுத வேண்டும். பத்து வெவ்வேறு இடங்கள், இடத்துக்கு நான்கு அளவு. நல்ல கட்டுரைக்கு ஆனர்ஸ். மயிலாப்பூர்ப் பையன் தன் வீட்டுக்கு எதிரில் இருந்த தெப்பக்குளத்தை எடுத்துக்கொண்டான். நான் தூத்துக்குடிக்காரன்; மன்னார் வளைகுடாவை எடுத்துக்கொண்டேன். குளத்துக்கும் வளைகுடாவுக்கும் போட்டி வந்தால் முடிவு என்ன ஆகும் என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம். ஊருக்கு ரயில் ஏறுமுன்பே ஹாஸ்டலில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

தண்ணீரின் தெளிவை அளக்கும் முறை மிக எளிது. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மெல்ல மேலே இழுத்து, எங்கே மறுபடி தெரிகிறதோ அதையும் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். கல்லூரியில் இருந்த தட்டை புரொபசர் யாருக்கும் தர மாட்டார். ஆனால் எந்த வெள்ளைத் தட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே வெள்ளைத் தட்டு, பெரியப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த எனாமல் தட்டு. அதில் யாரும் சாப்பிட்டது கிடையாது.

“ஏலே, அதுல எதுக்குக் கை வைக்க?” என்றாள் அம்மா.

“படிப்புக்கும்மா.”

“அது மாப்பிளைக்கு எடுத்து வச்சது.”

“தங்கச்சிக்கு ஒம்பது வயசுதாம்மா ஆகுது.”

“அதனால என்ன? மாப்பிள இப்ப எங்கனயோ ஒரு வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான இருப்பான். ஒரு நா இங்கன வருவாம்லா.”

இந்த வாதத்துக்கு விலங்கியலில் பதில் இல்லை. அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் தட்டைக் கொல்லனிடம் கொண்டுபோய், கயிறு கோக்க மூன்று ஓட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்து, படகு வேண்டும். அப்பாவுக்குக் கயிறும் கருப்பட்டியும் விற்கிற கடை. மிக்கேல் சம்மாட்டி அங்கேதான் கயிறு வாங்குவார். சம்மாட்டி என்றால் வள்ளத்தின் சொந்தக்காரர். சங்கு எடுக்கக் கடலில் மூழ்கும் எட்டுக் குளியாளிகளுக்குத் தலைவர். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“கூட்டிட்டுப் போவுதேன் அண்ணாச்சி. தம்பி வாந்தி எடுப்பாரா?”

“வீட்டுல எடுக்க மாட்டான்” என்றார் அப்பா.

முதல் நாள் விடிகாலையில் கிளம்பினோம். துறைமுகத்து விளக்கு கண்ணுக்கு மறைவதற்குள் நான் முந்தின நாள் சாப்பிட்டதையெல்லாம் வளைகுடாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குளியாளிகளில் மூத்தவரான சந்தியாகு ஒரு துண்டைக் கடல் தண்ணீரில் நனைத்து என் முகத்தில் போட்டார். “கண்ண மூடிக் கெடங்க தம்பி. நங்கூரம் போட்டதும் எழுப்புதேன்” என்றார். அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. மூடின துண்டுக்குள் புறப்பட்டு, மூடின துண்டுக்குள் திரும்புவேன். நடுவில் எழுந்து விஞ்ஞானம் செய்வேன்.

நங்கூரம் போட்டதும் குளியாளிகள் இடுப்பில் துணியை இறுக்கிக்கொண்டு குதிக்கத் தயாரானார்கள். நான் பதறிப்போய்க் கையை உயர்த்தினேன். எட்டுப் பேர் இறங்கிக் கலக்கினால் அப்புறம் தண்ணீரில் என்ன தெளிவு இருக்கும்?

“யாரும் இறங்கக் கூடாது. நான் தட்டை இறக்கி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தண்ணியத் தொடக் கூடாது.”

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் இறங்கவில்லை. நான் தட்டை வள்ளத்தின் முன்பக்கம் இறக்கினேன். ஒன், டூ, திரீ என்று கயிற்று முடிச்சுகளை இங்கிலீஷில் முணுமுணுத்தபடி எண்ணினேன். தட்டு மறைந்தது, நோட்டில் எழுதினேன். தட்டு தெரிந்தது, எழுதினேன். அப்படியே பின்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம். இடத்துக்கு நான்கு அளவு அல்லவா. முடித்துவிட்டு, “இனிமே இறங்கலாம்” என்றேன்.

“இறங்கலாமா?” என்று சந்தியாகு இன்னொரு முறை கேட்டார்.

“பயமில்லாம இறங்குங்க.” (அந்தப் ‘பயமில்லாம’ எதற்காக என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. பெருந்தன்மையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.)

அன்று நிறையச் சங்கு கிடைத்தது. மறுநாள் வள்ளத்தில் எனக்கென்று ஒரு பாய் விரித்திருந்தது. மூன்றாம் நாள் இளநீர். நான்காம் நாள் ஆத்தூர் வெற்றிலை ஒரு கவுளி. நான் உள்ளுக்குள் நெகிழ்ந்துபோனேன். எழுதப் படிக்கத் தெரியாத இந்த மனிதர்களுக்கு விஞ்ஞானத்தின்மேல் எவ்வளவு மரியாதை. அந்த உற்சாகத்தில் ஒரு பிரசங்கமே செய்தேன்.

“கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிருங்க இந்தத் தண்ணிக்குள்ள இருக்கு. கடல்ல என்ன நடந்தாலும் அதுங்க வைக்கிறதுதான் சட்டம்.”

எட்டுப் பேரும் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

தினமும் காலையில் துண்டைப் போடுமுன் சம்மாட்டியிடம் மறக்காமல் சொல்வேன்: “அண்ணாச்சி, இன்னைக்குத் தெற்க போவோம். வேற எடம் வேணும்.” மறுநாள், “இன்னைக்கு வடக்க.” அவர் ஒவ்வொரு முறையும், “ஆகட்டும் தம்பி” என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி கண்ணைச் சிமிட்டுவார். தூசு விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போக, பத்து நாளில் பத்து நிலையங்கள் முடிந்தன. நாற்பது அளவுகள். கட்டுரையைப் பற்றி எனக்கே பெருமை தாங்கவில்லை. மூன்று வண்ண மையில் ஒரு வரைபடம். தெற்கே ஆறாம் நிலையத்தில் தண்ணீர் மிகவும் கலங்கல்: தாமிரபரணி கொண்டுவரும் வண்டல் இங்கே வந்து சேருகிறது என்று நிறுவினேன். வடக்கே ஒன்பதாம் நிலையத்தில் கண்ணாடி மாதிரித் தெளிவு: ஆற்றின் செல்வாக்கு இங்கே முடிகிறது என்றும் நிறுவினேன். கொற்கைத் துறைமுகம் தூர்ந்துபோனதற்குக் காரணத்தைக்கூடக் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்போதுதான் புரொபசரிடமிருந்து கடிதம் வந்தது. வேறு வேலையாகத் தூத்துக்குடி வருகிறாராம். ஆனர்ஸ் முடிவு செய்யுமுன் என் நிலையங்களில் இரண்டையாவது நேரில் பார்க்க ஆசையாம். ஆனர்ஸ் என் பையில் விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். “என் தட்டு எங்கல?” என்றாள் அம்மா.

புரொபசர் தலையில் தக்கைத் தொப்பி, கையில் குடை, காலில் பாலிஷ் போட்ட பூட்ஸோடு வள்ளத்தில் ஏறினார். அவர் எதிரில் துண்டுக்குள் படுக்க முடியுமா? விறைப்பாக உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். நங்கூரம் விழுந்தது.

“ஆறாம் நிலையம் எது?” என்றார் புரொபசர், நோட்டைப் புரட்டியபடி.

“அண்ணாச்சி, ஆறாம் நாள் போன எடம்?”

“இங்கனதான்” என்றார் சம்மாட்டி.

என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். நாலு பக்கமும் தட்டை இறக்கி அளந்து காட்டினேன். தண்ணீர் அன்று நல்ல தெளிவாக இருந்தது. புரொபசர் நோட்டில் இருந்த கலங்கலைப் பார்த்தார், கடலில் இருந்த தெளிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சரி, ஒன்பதாம் நிலையத்துக்குப் போகலாம்.”

“ஒம்பதாம் நாள் எடத்துக்கு விடுங்க அண்ணாச்சி.”

சம்மாட்டி அசையவில்லை. “வந்துட்டோமே.”

“எங்க?”

“இங்கனதான்.”

“இது ஆறுன்னு சொன்னீங்களே.”

“ஆறும் இதுதான். ஒம்பதும் இதுதான்.”

“அப்போ ஒன்றாம் நிலையம்?” என்று புரொபசர் நிதானமாகக் கேட்டார்.

“அதுவும் இதுதான் ஐயா. பத்து நாளும் இங்கனதான் நங்கூரம் போட்டோம். ஒரு எடத்தக் கட்டிப்போட்டு, அத விட்டுட்டு வேற எடத்துல ஆள எறக்க முடியுமா?”

“எதைக் கட்டினான்?”

சம்மாட்டி குரலைத் தாழ்த்தினார். “சுறா வாய.”

சம்மாட்டி பாவம், புரொபசரை விவரம் தெரிந்தவராக மதித்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கும்போது கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிய பிறகுதான் ஆட்கள் தண்ணீரைத் தொடுவார்கள். சர்க்காரே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது உண்டு. இவர்களுக்குத் தெரிந்த கடைசிக் கடல்கட்டி கொழும்புக்குப் போனவர் போனவர்தான். அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அப்படியிருக்கும்போது ஒரு படித்த பிள்ளை வந்து, யாரும் தண்ணீரைத் தொடாதே என்று தடுத்து, புரியாத பாஷையில் முணுமுணுத்து, நாலு திசையிலும் தட்டை இறக்கி, ஏட்டில் எழுதி, “பயமில்லாம இறங்கு” என்றால் அவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

“மாதா கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா வைவாரு. அதான் வெளிய விடல” என்றார் சந்தியாகு.

“நான் தினமும் வேற எடம் போகணும்னு சொன்னேனே” என்றேன்.

“சொன்னிய. கட்டுன எடத்த வாய்விட்டுச் சொன்னா சுறாவுக்குத் தெரிஞ்சிரும்லா? அத ஏமாத்துததுக்குத்தான் வடக்க தெற்கன்னு மாத்திச் சொல்லுதியன்னு நெனச்சோம். நானும் கண்ணக் காட்டுனம்லா தம்பி.”

புரொபசர் என் வரைபடத்தை விரித்தார். மூன்று வண்ண மை வெயிலில் மின்னியது. “அப்படியானால் தாமிரபரணி வண்டல்?” என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதிலுக்குப் பதில் வேறு ஒன்று மேலே வந்தது. கடலில் குனியலாம் என்றால், என் பக்கம் அளவெடுக்கிற பக்கம். தண்ணீரை அசுத்தப்படுத்தக் கூடாது என்று ஒரு வருஷம் படித்த படிப்பு அந்த நேரம் பார்த்து வேலை செய்தது. பக்கத்தில் குழிவாக ஏதோ இருந்தது. எடுத்துக்கொண்டேன். அது புரொபசரின் தக்கைத் தொப்பி. வெயில் உறைக்கவில்லை என்று ஒரு நிமிஷத்துக்கு முன்தான் கழற்றி வைத்திருந்தார்.

அவர் தொப்பியைப் பார்த்தார். பிறகு அதை இரண்டு விரலால் எடுத்து, தலைகுப்புறக் கடலில் முக்கினார். நாலு தடவை அலசினார். எட்டுக் குளியாளிகளும் கைகட்டிக்கொண்டு பயபக்தியோடு பார்த்தார்கள்.

“இவருதான் குரு போலுக்கு” என்று சந்தியாகு மெதுவாகச் சொன்னார். பிறகு புரொபசரிடமே கேட்டார்: “ஐயா, இறங்கலாமா?”

“இறங்கித் தொலையுங்கள்” என்றார் புரொபசர். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள்.

ஆனர்ஸ் மயிலாப்பூருக்குப் போயிற்று. தெப்பக்குளத்துக்குப் படிக்கட்டு உண்டு. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் குழப்பம் வராது. என் கட்டுரை தபாலில் திரும்பி வந்தது. அதன்மேல் சிவப்பு மையில் ஒரே வரி: “வள்ளம் நகரவில்லை.”

நான் சென்னைக்குத் திரும்புமுன் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். நான் போனால் பரவாயில்லையாம். தட்டு மட்டும் இருந்தால் போதுமாம். அம்மா மூன்று ஓட்டையையும் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தாள். என்னை என்ன சொன்னாள் என்பதை விட்டுவிடுகிறேன். கடைசியில் சனிக்கிழமைதோறும் ஒரு சீலா மீன் என்று பேசித் தட்டைக் கொடுத்துவிட்டாள். சம்மாட்டி வாக்குத் தவறாதவர். சீலா வருஷக்கணக்காக வந்தது. பிற்பாடு தங்கச்சிக்கு வந்த மாப்பிள்ளை வாழையிலையில் அந்த மீனைத்தான் சாப்பிட்டார். என் கல்வியால் குடும்பத்துக்குக் கிடைத்த வருமானம் அந்த மீன் ஒன்றுதான் என்று அப்பா அவருக்கு விளக்கிச் சொன்னார்.

அந்தச் சிவப்பு மை வரியை மட்டும் வீட்டில் யாரும் மறக்கவில்லை. தேர்தலில் யார் ஜெயிப்பார், மழை எப்போது வரும், சாம்பாரில் என்ன குறை என்று நான் எதைப் பற்றியாவது அடித்துப் பேச ஆரம்பித்தால், வீட்டில் யாராவது ஒருவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்பார்கள்: “வள்ளம் நவுந்துச்சா?” திருச்சிக்காரியான என் மனைவிக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் சுத்தமாக வருவது இந்த இரண்டு வார்த்தைதான்.

போன மாதம் மகள் கல்லூரியிலிருந்து கடலில் தண்ணீர் அளக்கப் போனாள். கிளம்புமுன் வெள்ளைத் தட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். என் மனைவி எழுந்துபோய்ப் பாத்திர அலமாரியைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பத்து நாள் கழித்து மகளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நலம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது. இரண்டே வரி: “அப்பா, வள்ளம் நகர்ந்தது. பத்து இடத்திலும் துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.”