சூடுள்ள பெட்டி

இனிமேல் எலக்ட்ரிக் கிட்டார் என்றால், சத்தத்தைப் பக்குவம் பண்ணும் நிஜப் பெட்டி வழியாகத்தான் போகும். கம்ப்யூட்டருக்குள் படமாக இருக்கும் பெட்டியை நம்பமாட்டேன். போடியில், மாடி அறையில், ஒரு கார்த்திகை மாதத்தில் சோலைமலை இப்படிச் சபதம் எடுத்தான். எடுத்ததை மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

அந்த மாடி அறைதான் அவனுடைய ஒலிப்பதிவுக் கூடம். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய ஏலக்காய்ச் சாக்கை அடித்திருந்தான். அங்கே பதிவாகிற பாட்டில் பாயசம் மணக்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

பெட்டி மதுரையிலிருந்து வந்தது. பிடிக்காவிட்டால் பத்து நாளில் திருப்பித் தரலாம் என்றார் கடைக்காரர். மனைவி மகாராணியிடம் இதைச் சொல்லும்போது 'பிடிக்காவிட்டால்' என்பதை மட்டும் சோலைமலை விழுங்கிவிட்டான்.

மகாராணி இருபது வருஷமாக ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். பேசிக்கொண்டே, பார்க்காமலே, விரலால் தொட்டு நல்ல காயை இந்தப் பக்கமும் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கையை அந்தப் பக்கமும் தள்ளுவாள். ஆட்களையும் அப்படித்தான்.

வந்த அன்றே அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். பதிவான கிட்டார் சத்தத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே எடுத்து, ஒயர் வழியாகப் பெட்டிக்குள் விட்டு, கையால் திருகிப் பக்குவம் பண்ணி, மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். ஓரத்தில் ஒரு சின்னச் சுவிட்ச். மேலே தள்ளினால் பெட்டி வேலை செய்யும். கீழே தள்ளினால் பெட்டி சும்மா எரிந்துகொண்டிருக்க, வந்த சத்தம் வந்தபடியே வெளியே போய்விடும். அதையும் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்.

"அதான் கம்ப்யூட்டர்லயே இந்தப் பெட்டி இருக்கே மச்சான்" என்றான் வினோத்குமார், மகாராணியின் தம்பி. காலையில் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர். மத்தியானத்துக்கு மேல் கிட்டார்காரன். பதிவாகிக்கொண்டிருந்ததே அவன் பாட்டுத்தான். "இன்னிக்கு வச்சது நாளைக்கும் அப்படியே இருக்கும். திருகி மறந்துட்டோமேன்னு தேட வேண்டாம்."

"படத்துல இருக்கிற அடுப்புல சோறு வேகுமா மாப்ளே? இதுக்குள்ள பழைய ரேடியோல இருந்த மாதிரி நெசமாவே வால்வு எரியுது. சத்தத்துக்கு ஒரு சூடு குடுக்கும்."

மகாராணி பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "ஆமா, சூடாத்தான் இருக்கு."

சாயங்காலமே இட்லி மாவுச் சட்டி அதன்மேல் ஏறிவிட்டது. மலைக்காற்று இறங்கிய நாளிலிருந்து மாவு பொங்கவில்லையாம். பெட்டி கெட்டுப்போகும் என்றான். அப்படியானால் நாளைக்கே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். சட்டி அங்கேயே இருந்தது. அதைச் சுற்றிய துணியின் முந்தி பெட்டியின் முகத்தில் பாதியை மறைத்துத் தொங்கியது.

மறுநாள், திருகுகளை எங்கே நிறுத்தினோம் என்பது மறக்காமலிருக்க, நிலைக்கண்ணாடியில் அவள் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்துத் திருகுக்கு ஒன்றாக அடையாளம் வைத்தான். பெட்டி மங்களகரமாக இருந்தது. மகாராணி வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத பெண்டாட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டிய வயது அவனுக்கு எப்போதோ வந்துவிட்டது, அறிவுதான் வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கண்ணை மூடிக்கொண்டு உருகினான். படப்பெட்டி பண்ணின சத்தம் தார்ரோட்டில் காலித் தகரம் உருண்ட மாதிரி இருக்கிறதாம். நிஜப் பெட்டி வழியாக வந்தது, லோடு ஜீப்பு மேட்டில் முக்கி ஏறுகிற மாதிரி இருக்கிறதாம். வினோத்குமாருக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஜீப்பு ஓட்டிக் காது போச்சு என்று அவனை அடக்கிவிட்டான்.

பத்தாம் நாள் மகாராணி மதுரை பஸ்சை ஞாபகப்படுத்தினாள். சோலைமலை பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றுகொண்டான். பயத்தை மறைக்கத்தான் அவ்வளவு பெரிதாகப் பேசினான்.

"கண்ணக் கட்டிவிடு. எது பெட்டி, எது படம்னு சொல்றேன். சொல்லிட்டா இது இங்கனதான் இருக்கும்."

"சொல்லாட்டி?"

"நானே தலையில சுமந்துட்டுப் போறேன்."

துண்டை எடுத்து அவளே கட்டினாள். கொஞ்சம் இறுக்கமாகவே. வினோத்குமார் ஒரே பாட்டின் இரண்டு பக்குவத்தையும் அடுத்தடுத்து ஓடவிட்டான். இருட்டுக்குள் கம்பி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. இன்னொரு முறை அதிர்ந்து அடங்கியது. சாக்கின் வாசம் மட்டும் நின்றது.

"ரெண்டாவது. அந்தச் சூடு ஒளிஞ்சாலும் தெரிஞ்சுரும்."

"சரிதான் மச்சான். ரெண்டாவதுதான் பெட்டி வழியா வந்தது."

துண்டை உருவினான். கல்யாணம் ஆனதிலிருந்து மகாராணியை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஜெயித்தவன் எப்படி நிற்பான் என்று தெரியவில்லை. இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். சரியாக இல்லை, எடுத்துவிட்டான்.

மகாராணி சட்டியை அலுங்காமல் துணியோடு தூக்கிக் கீழே வைத்தாள். "அந்தச் சுவிட்ச்சக் கொஞ்சம் பாருங்க."

சுவிட்ச் கீழே பார்த்து இருந்தது.

"எப்பருந்து?" என்றான்.

"என் பொட்ட எடுத்தீங்கல்ல. அன்னிக்கிருந்து."

ஒன்றுமே செய்யாத பெட்டி. உள்ளே போன சத்தம் போனபடியே வெளியே வந்திருக்கிறது. அதற்குத்தான் அத்தனை நாள் கண்ணை மூடி உருகியிருக்கிறான்; சூடு என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். வினோத்குமார் சிரித்திருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மரியாதைதான் சோலைமலையின் காது மடலைச் சுட்டது.

குனிந்து பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து உள்ளங்கையில் சேர்த்தான். தலை நிமிரவில்லை.

"வெரசாப் போயி மதுரை பஸ்சப் பிடிச்சு, திருப்பிக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்றான்.

மகாராணி அவன் கையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். சட்டியைத் தூக்கி மறுபடி பெட்டிமேல் வைத்தாள். மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது.

"வேணாம், இருக்கட்டும். இந்த வீட்டுல அதுக்காவது கொஞ்சம் சூடு இருக்கு."