பதினோராவது கை

கடலூர் மாவட்டத்தில் உயிரைவிட்ட பேருந்துகளின் வைப்பர் மோட்டார்கள் எல்லாம் எங்கள் மாடிக்குத்தான் வந்து சேர்ந்தன. அங்கே குடியிருந்தவருக்குத் தெரு வைத்த பெயரே வைப்பர். பழைய இரும்புக் கடையில் மோட்டார் வாங்கி, மரக்கைகளில் மாட்டி ஆடவிடுவார். கேட்டால் கலை என்பார். "ஈ ஓட்டுமா?" என்று கேட்டேன். என் கலையறிவு அவ்வளவுதான்.

தினமும் காலையில் மாடியில் நின்று, வேலைக்குப் போகிற எங்களுக்கெல்லாம் டாட்டா காட்டுவார். நாங்கள் திருப்பிக் காட்டுவதைச் செல்போனில் படம்பிடிப்பார். வேலைவெட்டி இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன். கடைசியில் பன்னிரண்டு மரக்கைகள் தயாராயின. சுவிட்சைப் போட்டால் டாட்டா காட்டும். சிதம்பரத்தில் கண்காட்சி, சென்னைக் கலைக்கூடம் ஒன்றுக்குப் பொறுக்கியெடுக்க அங்கிருந்து தேர்வுக்குழு வருகிறது. ஒத்தாசைக்கு நானும் வேனில் ஏறினேன்.

"இது தேறலன்னா சேத்தியாத்தோப்புல மச்சானோட மிக்சி ரிப்பேர் கடைதான் சார். வரேன்னு வாக்கு குடுத்துட்டேன்" என்றார் வழியில்.

மண்டபத்தில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். சும்மா இருப்பேனா? பதினோராவது கை மட்டும், மற்றவை இறங்கும்போதுதான் சோம்பலாக எழுந்தது. திருகு தளர்ந்திருந்தது. வீட்டில் ஒழுகும் குழாயைக்கூடச் சரிசெய்யத் தெரியாத நான் அதை இறுக்கினேன். பன்னிரண்டும் போலீஸ் அணிவகுப்பாக ஒன்றாய் ஆடின. பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

டீ குடித்துவிட்டு வந்த வைப்பர் முகம் வெளுத்துவிட்டது.

"பதினொண்ணத் தொட்டீங்களா?"

"லேட்டா தூக்குச்சி. ரிப்பேர் பண்ணிட்டேன்."

"அது ரிப்பேர் இல்ல சார். அது நீங்க. ஒரு கையில பை, ஒரு கையில குடை. மாத்திப் புடிச்சி நீங்க தூக்கறதுக்குள்ள நான் கைய இறக்கிடுவேன். ஆனா ஒருநாளும் நீங்க தூக்காமப் போனதில்ல."

வாசலில் தேர்வுக்குழுவின் கார் வந்து நின்றது.

"டாட்டா காட்டுங்க சார், சீக்கிரம்!"

பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து டாட்டா காட்டினேன். என்னைப் பார்த்துப் பார்த்துத் திருகைத் தளர்த்தினார். உள்ளே வந்த குழுவில் ஒரு அம்மையார் கேட்டார்:

"இவரும் இதுல சேர்த்தியா?"

"ஒரிஜினல், மேடம்."

சிரித்தார்கள். பிறகு பதினோராவது கைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். தேர்வாகிவிட்டது.

அவர் சென்னைக்கே குடிபோன அன்று பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஜன்னலிலிருந்து கையசைத்தார். நான் பையை மாற்றி, குடையை இடுக்குவதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிட்டது. அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பஸ் போன பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினேன்.