கழித்தல் சயாவின் இரண்டாவது வடை

கடவுளே எங்கள் தெருவுக்கு வந்து தன் உயரம் இவ்வளவு என்று சொன்னாலும், "செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க சாமி, மறுபடி அளப்போம்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கழித்தல் சயாதான்.

சயா என்றால் பர்மாவில் வாத்தியார்; பெண்ணானால் சயாமா. கைவேலை தெரிந்தவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதை ஓரம், என் வடைச் சட்டிக்குப் பக்கத்தில் அவருடைய மேசை. பையன்கள் வாயில் வைத்து ஆவி விடுகிறார்களே, அந்த வேப் கருவிக்குக் கம்பிச் சுருள் சுற்றித் தருவார். அவர் வாயிலிருந்து மட்டும் ஒருநாளும் புகை வந்ததில்லை.

சுருள் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்த பிறகுதான் மாட்டவேண்டுமாம். தடுப்பு குறைந்தால் பேட்டரி கொதித்துவிடும். மீட்டரில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர். முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று முட்டவைப்பார். நடுவில் சுருளே இல்லாதபோதும் மீட்டர் ஏதோ ஒரு எண் காட்டும். அது ஒயரின் பங்கு. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சுருளின் கணக்கு.

"சயா, புள்ளி ஏழு காட்டுது. மாட்டிக் குடுங்க, பஸ் போயிரும்."

"அதுல ரெண்டு என் ஒயரோடது. உன்னோடது அஞ்சுதான்."

"ரெண்டுல என்ன வந்துரப் போவுது?"

"மீசை போயிரும். இப்பத்தான் முளைக்குது, பாவம்."

சூடான சுருளை அளக்கவும் மாட்டார். சூட்டில் எண் ஏறுமாம். "ஆறட்டும்" என்று கையைக் கட்டிக்கொள்வார். அது ஆறும்வரை பையன்கள் என் வடையைத் தின்பார்கள். அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

ஆனால் அவர் கழித்தல் மேசையோடு நிற்கவில்லையே! கீரைக்கட்டை நாலு உதறு உதறித் தண்ணீர் போன பிறகுதான் தராசில் வைக்க விடுவார். கல்யாணத் தரகர் பெண்ணைப் புகழ்ந்தால், "இதுல உங்க பங்கு எவ்வளவு?" என்பார். என் கடையில் வடை எடுத்தால் முதலாவதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

"நல்லா இருக்கா தம்பி?"

"மொத வடை பசிக்குப் போச்சுக்கா. ரெண்டாவதுதான் உங்க வடை. குடுங்க, சொல்றேன்."

இரண்டாவதைத் தின்றுவிட்டு, "உப்பு ஒரு புள்ளி கூட" என்பார். இருபது வருஷமாக வடை சுடுகிற எனக்கு!

இப்படிப்பட்டவரிடம் நானே மாட்டிக்கொண்டேன். கண்ணில் புரை விழுந்து, வடை சிவந்ததா கருகியதா என்றே தெரியாமல் போயிற்று. இரண்டு முறை எண்ணெயில் விரலை விட்டுவிட்டேன். ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் சட்டியை மூடவேண்டியதுதான். லான்மடாவில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். எனக்கோ நாலு பேர் பார்த்தாலே நெஞ்சு அடிக்கும். அங்கே ஆண்களெல்லாம் உட்கார்ந்திருக்க, நர்ஸ் ரவிக்கைக் கையை ஏற்றிப் பட்டையைச் சுற்றினாள். ரத்த அழுத்தம் நூற்று எண்பது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறையும் அதே கதைதான். மூன்றாம் முறையும் இப்படி இருந்தால் ஆபரேஷன் மழைக்காலம் முடிந்துதான் என்றார் டாக்டர்.

சயாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே!

"அக்கா, அதுல உங்க ரத்தம் எவ்வளவு, உங்க வெக்கம் எவ்வளவு? யாராச்சும் பிரிச்சுப் பார்த்தாங்களா?"

மறுநாள் யாரிடமோ ஒரு ரத்த அழுத்தக் கருவியை இரவல் வாங்கி வந்தார். சட்டியைப் பற்றவைக்குமுன் என்னை முக்காலியில் உட்காரவைத்து, "ஆறட்டும்" என்றார். ஏழு நாளும் காலையில் அளந்து ஒரு காகிதத்தில் எழுதினார். எல்லாம் நூற்று முப்பதை ஒட்டியே இருந்தது.

எட்டாம் நாள் தோய்த்த லோஞ்சிக் கைலி கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். காகிதத்தை நர்ஸிடம் நீட்டினார்.

"நீங்க யாரு, டாக்டரா?" என்றாள் அவள்.

"வேப் ரிப்பேர். சயாமா, சூடா இருக்கறதை அளக்காதீங்க. பத்து நிமிஷம் ஆறட்டும்."

அவள் முறைத்தாள். உள்ளேயிருந்து வந்த டாக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அவர் சொல்றது சரிதான். அந்த அம்மாவை உள் அறையில உட்காரவை."

நான் உட்கார்ந்தேன். சயா வாசலுக்கு நடந்தார்.

"தம்பி, எங்கே போறீங்க?"

"நானும் ஒரு ஒயர்தான்க்கா. நான் நின்னா உங்க எண்ணு ஏறும்." தெருவைத் தாண்டி எதிர்ப்புறம் போய் வெயிலில் நின்றுகொண்டார்.

நூற்று முப்பத்தெட்டு. அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது.

கட்டு அவிழ்த்த மறுநாள் அவர் மேசைப் பக்கம் பார்த்தேன். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. இத்தனை நாள் எனக்கு இது எதுவுமே தெரியாது.

"தம்பி, நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க" என்றேன். அவ்வளவு பேச்சு என் வாயில் எப்படி வந்ததோ!

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "புதுக் கண்ணுக்கு எல்லாம் அழகாத்தான் தெரியும்க்கா. அதைக் கழிச்சுக்கணும்."

இப்போது கண் பழசாகிவிட்டது. தினமும் அவரைப் பார்க்கிறேன், தினமும் கழித்துப் பார்க்கிறேன். மிச்சம் இன்னும் நிறையவே இருக்கிறது.